வயலோரம் ஒரு மறைப்பு

அம்சம் கிராம சுகாதார செவிலியர். தஞ்சாவூருக்குக் கிழக்கே நான்கு ஊர்கள் அவர் பொறுப்பு. அவருடைய ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே கர்ப்பிணிகள் மாத்திரை அட்டையைத் தேடி ஓடுவார்கள். அவ்வளவு வாய் அந்த அம்மாளுக்கு.

அந்த வருடம் அந்த வாயில் அதிகம் விழுந்தவள் ஜெயபாரதி. ஐந்து மாதம். நடவு வேலைக்குப் போகிறவள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் மருந்துக்கு அடங்கும், மறுபடி வரும். முதல் பிள்ளை இந்தத் தொல்லையால்தான் ஏழாம் மாதமே பிறந்து, தங்காமல் போனது. "தண்ணி குடி, தண்ணி குடின்னு தொண்ட வறள கத்துறேனே!" என்று அம்சம் திட்டுவார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மாத்திரையோடு வயலுக்கே தேடிப் போனார். குறுவை நடவு. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வானம். பெண்கள் குனிந்து மேகத்துக்குள் நாற்றை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் கொக்குகள் தலைகீழாகப் பறந்தன. அம்சம் சொக்கிப்போய் வரப்பிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் காலியானதுகூடத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருக்கே அவசரம். சுற்றிப் பார்த்தார். பூட்டிக் கிடந்த மோட்டார் கொட்டகையைத் தவிர, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை, புதரில்லை. சாலையில் ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை அழகும் அப்படியே கசந்துபோனது.

"நீங்கள்லாம் எங்கடி போவீங்க?"

"இருட்டுனப்புறந்தான்க்கா. அதான் தண்ணியே குடிக்கிறதில்ல," என்றாள் ஜெயபாரதி.

அம்சத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. நேரே நிலத்துக்காரர் இளையபெருமாளிடம் போய், கொட்டகைக்குப் பின்னால் ஒரு மறைப்புக் கட்டித் தரச் சொன்னார்.

"வயல்ல செருப்போட எறங்கமாட்டோம்மா. லெட்சுமி இருக்கிற எடம். அங்க போயி கக்கூசா?"

"நடவு நடுறவ வயித்துலயும் லெட்சுமிதாங்க இருக்கா. ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு."

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் பின்னால் தென்னங்கீற்று மறைப்பு நின்றது. உள்ளே ஒரு குடம் தண்ணீரும் இருந்தது.

ஐப்பசியில், ஊரே மழையில் கரைந்துகொண்டிருந்த ஒரு பகலில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜெயபாரதிக்கு மாதம் நிறைந்து பெண் பிறந்தது. குழந்தை வீறிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த அம்சமும் கூடவே தேம்ப ஆரம்பித்தார்.

"நீங்க அழுவாதீங்கக்கா," என்றாள் ஜெயபாரதி. "மொதப் புள்ள அழவே இல்ல. இது அழுவுறத நான் கேக்கணும்."