நோட்டில் நான் எழுதிய இருமல்

என் அக்கா எஸ்தர் முதன்முதலாக இருமியதை நான் கேட்டபோது, அவள் ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். கதாநாயகி செத்துக்கொண்டிருந்தாள், அக்கா அழுதுகொண்டிருந்தாள். நடுவில் வந்த அந்த வறட்டு இருமலை நான் அழுகையோடு சேர்த்துவிட்டேன்.

"எலே வில்சா, அங்கோட்டுப் போ," என்றாள். "ஒருத்தி சாவக் கெடக்கா, நீ நிண்ணு பல்லக் காட்டுகியா?"

"செத்தாச்சுன்னா சொல்லுக்கா, குழி வெட்ட வாறேன்."

வீட்டில் காசநோயாளியை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து, சாப்பாடு, ஓய்வு எல்லாம் டாக்டர்கள் சொல்வார்கள். என்னிடம் இருப்பது அதற்கு முந்தைய ஐந்து மாதங்கள் மட்டும்தான். என் படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதையும் இரண்டு தடவை படித்ததால் பத்து முடித்தவன் என்று ஊரில் சொல்லித் திரிந்தேன். பாறசாலைச் சந்தியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா நெய்யாற்றின்கரையில் ஆசிரியைப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சில் பாட்டுக் குழுவிலும் இருந்தாள்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. மலையாளப் பக்கம் இருந்த தமிழ் பேசுகிற ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போவார்கள், கடையை அடைப்பார்கள், பஸ்ஸை மறிப்பார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் நின்றவர் பொன்னையன் அண்ணன். தறி நெய்கிறவர். அவர் ஒரு தமிழ் வாசகசாலை திறந்து, அதில் ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு நோட்டு வரும். படித்தவர் தன் பெயர், வீட்டுப் பெயர் போட்டு, மனதில் பட்டதை நாலு வரி எழுதித் தரவேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது.

"எல்லைய விசாரிக்க மேல இருந்து ஆளு வருவினும்," என்பார். "இங்க தமிழு படிக்க ஆளு உண்டான்னு கேப்பினும். அப்போ நான் இந்த நோட்டுவள எடுத்து முன்னால வைப்பேன். இதாக்கும் சாட்சி."

ஆகவே எங்கள் ஊரில் ஒரு கதையைப் படித்து அழுதால் அது அரசியலுக்கும் உதவியது. அக்கா மனமார எழுதினாள். கணவனை இழந்தவள் பாடுவதாக ஒரு கவிதை இருந்தது. அதற்கு அக்கா எழுதியது: "இவள் அழவில்லை. அவனுக்கு எடுத்து வைத்த சோற்றைக் காக்கைக்குப் போடலாமா வேண்டாமா என்று நிற்கிறாள். அந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன்." அதற்குக் கீழே என் கையெழுத்து: "காக்கைக்கும் பசி உண்டு. போட்டுவிடலாம்."

காதலன் பிரிந்து போனதால் இளைத்து மெலிந்து இறந்த ஒருத்தியைப் பற்றி, "நேரத்துக்கு ஒரு சிரட்டை கஞ்சித்தண்ணி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள்," என்று எழுதினேன். வாசகசாலையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். கதைகளை விட என் வரிகளுக்காக நோட்டைக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவை அழவைத்த நாவல் என் கைக்கு வந்தபோது இருமல் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கதாநாயகி காதலை வெளியே சொல்லாமல் இருமி இருமியே செத்துப்போகிறாள். நான் எழுதினேன்: "காதலுக்கு இருமல்தான் அடையாளம் என்று இந்தப் புத்தகம் சொல்கிறது. நம்ம ஊரிலும் பாட்டுக் குழுவில் ஒருத்தி இருமுகிறாள். யாருக்காக என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதவும்."

மூன்று வீடு தாண்டுவதற்குள் அது கிணற்றடிப் பெண்களிடம் போய்விட்டது.

"எட்டி எஸ்தரே, ஆருக்குட்டி இந்த இருமலு?"

"பேரு வேண்டாம், மொத எழுத்து மட்டும் சொல்லு மக்கா."

குடத்தோடு திரும்பிவந்த அக்கா என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் இருமல் நின்றுபோனது.

என் கேலி மருந்து மாதிரி வேலை செய்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். கடையிலும் சொன்னேன். அவள் சமையற்கட்டில் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டதும், நடுவில் எழுந்து பின்பக்கம் வாழைத்தோட்டத்துக்குப் போனதும் என் கண்ணில் படாமல் இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது. ஜாக்கெட் தொளதொளத்தது. எங்கள் அம்மை கேட்டால், "பரீச்சைக்குப் படிக்கேன் இல்லியா," என்பாள்.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பாட்டின் உச்ச வரியில், அடக்கமுடியாமல் வந்துவிட்டது. பாடிக்கொண்டே இருமலை விழுங்க முடியாது. கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதி நாள் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் மலையாளி. எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இருமல் தொடங்கி எத்தனை நாள் என்று கேட்டார்.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "ஒரு மாசம் காணும் டாக்டர்."

"ஒரு மாசங்கொண்டு இத்தற வலிய குழி வராது." வலது நுரையீரலின் மேல்பாகத்தைக் காட்டினார். குழி (நோய் அரித்து உண்டாக்கிய பொந்து) பெரிய வெளிறிய வளையமாகத் தெரிந்தது. பிறகு என்னிடம் திரும்பினார். "வீட்டில கூட உள்ள ஆளல்லே. நீ அவளுட இருமல் கேட்டில்லியா?"

"இல்ல சார்," என்றேன்.

"வைகிப்போயி," என்றார். தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வார்த்தை தெரியாத ஆள் எங்கள் பக்கம் யாரும் இல்லை.

குன்றின் மேலிருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). அதனால் அவளுக்குக் காதில் சீவிடு பூச்சி கத்துவதுபோல இரைச்சல் வந்தது. வாரம் ஒருமுறை ஏ.பி. (விலா இடுக்கில் ஊசி குத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்றை நிரப்பி, அது அசையாமல் ஓய்வெடுக்கச் செய்வது). சத்தமாகப் பேசக் கூடாது, பாடக் கூடாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

"நீ வலிய தமாசுக்காரன் என்னு கேட்டு. இங்கே வேண்டா. அவளைச் சிரிப்பிச்சால் இருமல் வரும், இருமினால் சோர வரும்." சோர என்றால் ரத்தம்.

கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தால் என் வாயில் வருவதெல்லாம் கேலிதான். வேறு பேச்சு எனக்குத் தெரியாது. அக்காதான் ஒரு துண்டுக் காகிதத்தில், "புத்தகம் கொண்டுவந்து வாசி," என்று எழுதிக் காட்டினாள்.

அதன்படி வாசித்தேன். அந்தக் காக்கைக் கவிதையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசி வரி வந்தபோது அம்மை வீட்டில் ஞாபகமில்லாமல் அக்காவின் தட்டையும் சேர்த்து வைப்பது நினைவுக்கு வந்தது. புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். அக்கா காகிதத்தை இழுத்து எழுதினாள்: "காக்கைக்குப் போட்டுவிடலாமா?"

நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

நடுவில் நான்கு நாள் பஸ் ஓடவில்லை. போராட்டக்காரர்கள் பாதையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த நாலு நாள் நாங்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஊரில் யாராவது, "எப்பிடிடே இவ்வளவு முத்திச்சு?" என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. "பஸ்ஸு ஓடல்ல, நேரத்துக்குக் கொண்டுபோவ முடியல்ல." அவள் சேர்ந்த பிறகுதான் பஸ் நின்றது என்பதை யாரும் கணக்குப் போடவில்லை. பொன்னையன் அண்ணன் ஒருநாள் சைக்கிள் கடைக்கு வந்து நின்றார்.

"நாங்க பஸ்ஸ மறிச்சதுனாலயாடே நம்ம பிள்ளைக்கு?"

நான் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா பதினாலு மாதம் கழித்து வீடு திரும்பினாள். கிருமி போய்விட்டது. ஆனால் வலது நுரையீரல் பழையபடி விரியவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் விரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். நாள் முழுதும் வகுப்பில் நின்று பேச மூச்சு போதாது என்று ஆசிரியைப் பயிற்சியில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சர்ச்சில் இப்போது அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைக்கிறாள்.

பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் மலையாளப் பக்கம் நின்றுவிட்டோம். பொன்னையன் அண்ணனின் நோட்டுகளை யாரும் கேட்கவில்லை. அவர் வாசகசாலையைப் பூட்டிவிட்டு அவற்றை எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். "எஸ்தருக்க எழுத்துதான் இதில நிறைய உண்டு. அவளே வச்சுக்கட்டு."

அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும், கிணற்றடியைப் பற்றியும். அவர் கட்டை விரலால் துண்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசம் இந்தப் பாரத்த என்னைச் சொமக்க விட்டியேடே," என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சைக்கிளை என் கடைக்குக் கொண்டுவருவதில்லை.

நான் அந்த நாவலின் நோட்டை எடுத்தேன். நான் எழுதியது இருந்தது. அதற்குக் கீழே யார் யாரோ கேலியாக எழுதிய முதலெழுத்துகள். எல்லாவற்றுக்கும் கீழே, புத்தகத்தை இரண்டாம் முறை வாங்கிப் படித்து, அக்கா நாலு வரி எழுதியிருந்தாள்.

"முதல்முறை இவள் செத்ததற்கு அழுதேன். இப்போது இவள் இருமலை மறைத்ததற்கு அழுகிறேன். அடக்கும்போது விலாவில் கத்தி இறங்குவதுபோல இருக்கும் என்பதை இந்த ஆசிரியர் எழுதவில்லை. அவருக்குத் தெரியாதுபோல. எஸ்தர்."

அந்த ஐந்து மாதமும் நான் அந்த நோட்டைப் பலமுறை திறந்திருக்கிறேன். என் வரியை எடுத்துப் படித்து நானே சிரித்துவிட்டு மூடியிருக்கிறேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நோட்டோடு போய் அவள் முன் நின்றேன். "இத எப்போக்கா எழுதின?"

"அப்பவே." மூச்சு வாங்கினாள். "நீ பாப்பேன்னு" என்று தொடங்கி நிறுத்தினாள். "நெனச்சாக்கும் எழுதினேன்."

உங்கள் வீட்டில் ஒருவருடைய இருமல் மருந்தில்லாமல் திடீரென்று நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். எங்கள் வீட்டில் இப்போது யாருக்கு இருமல் வந்தாலும் சத்தமாகத்தான் இருமவேண்டும். அம்மை கூட அடுக்களையிலிருந்து கூரை அதிர இருமுகிறாள்.

அக்காவின் பேச்சு நாலு சொல்லுக்கு ஒருமுறை நிற்கும். முன்பெல்லாம் யாராவது பேச்சை நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கேலியைச் செருகுவேன். இப்போது அவள் நிற்கும்போது நானும் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் விலா மெல்ல உயர்ந்து, பாதியில் தயங்கி, இறங்குகிறது. அது எவ்வளவு நீளமான நேரம் என்று எனக்கு முன்பு தெரியாது. அவள் அடுத்த சொல்லைச் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.