டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா?

என் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வினாடி வினா புரோகிராம் எழுதினேன். திரையில் பொத்தான்களை வரவைக்கும் ‘டிகின்டர்’ என்ற ஆயத்த நிரல் மட்டும் வேலை செய்யவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் லேப்டாப்பைக் கொடுத்தேன்.

“இன்னாங்க டீச்சர், இதுகூடத் தெரியாதா? ஃபார்மேட் அடிச்சா சரியாப்பூடும்” என்ற கடைக்காரர், என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிட்டார். பல வருடப் பாடக்குறிப்புகள் போயின.

தேவையான மென்பொருளை மறுபடி ஏற்றி, பென்டிரைவில் இருந்த புரோகிராமை ஓட்டினேன். அதே பிழை! பிழைச்செய்தியை முழுதாகப் படித்த பிறகுதான் புரிந்தது: என் ஃபைலுக்கும் ‘டிகின்டர்’ என்றே பெயர் வைத்திருந்தேன். நிஜ டிகின்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் என் ஃபைலையே திறந்து குழம்பியிருக்கிறது. பெயரை மாற்றியதும் ஓடியது.

கடைக்காரரிடம் சொன்னேன். “அதான் ஓடுதுல்ல, அப்புறம் இன்னா?” என்றார்.

இப்போதெல்லாம் பிழைச்செய்தியைக் கடைசி வரி வரை படிக்காமல், நகல் எடுக்காமல் லேப்டாப்பை யாரிடமும் நீட்டுவதில்லை. பெயர் வைத்தது என் தப்பு; ஒரு நொடியில் திருத்திவிட்டேன். அவர் தப்பை எந்தப் பொத்தான் திருத்தும்?