குவியலோரம் படபடத்த நெஞ்சு

பிள்ளைகளே, போன குறுவை அறுப்பின்போது நீங்கள் இரண்டு பேரும் வீடியோவில் கூப்பிட்ட நேரமெல்லாம் நான் போனை நெல் குவியல் பக்கமாகவே திருப்பிக் காட்டினேன். "இன்னும் நெல்லு போடலையாப்பா?" என்று கேட்பீர்கள். "வரிசை வரல" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் முகத்தைக் காட்டாததற்குக் காரணம் வேறு.

கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டால் நம் முறை வரும்வரை அங்கேயேதான் கிடக்க வேண்டும். வெயிலடித்தால் படுதாவை உருவிக் காயப்போட வேண்டும், மேகம் கட்டினால் குவித்து மூட வேண்டும். ஈரம் கூடினால் எடுக்க மாட்டார்கள். உங்கள் அம்மா இருந்தவரை ஆள் மாற்றி இருந்தோம். அவள் சோறு கொண்டுவந்து உட்கார்ந்துகொள்வாள், நான் போய்க் குளித்துவிட்டு வருவேன். இந்தத் தடவை மாற்றிவிட ஆளில்லை.

ஒரு மத்தியானம் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். வானத்தில் மேகமே இல்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது, பஞ்சாரத்துக்குள் அகப்பட்ட கோழி மாதிரி. விரல் நுனியெல்லாம் சில்லிட்டது. புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. வாயுவாக இருக்கும் என்று எதிரே பெட்டிக்கடையில் பன்னீர் சோடா வாங்கிக் குடித்தேன். பெரிய ஏப்பம் வந்தது. பார், வாயுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. டீயை நிறுத்திப் பார்த்தேன். ஓமத் தண்ணீர் குடித்தேன். சாலையில் பஸ் பிரேக் போட்டாலும் நெஞ்சு துள்ளியது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் துள்ளியது. இப்படியே சாய்ந்தால் யார் முதலில் பார்ப்பார்கள் என்றுகூட யோசித்தேன்.

டாக்டரிடம் போக ஏன் தயங்கினேன் என்று கேட்பீர்கள். நெல்லை விட்டுப் போக முடியாது என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருந்தது வேறு பயம். இதயம் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நீங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போய்விடுவீர்கள். உங்கள் அம்மா நட்ட வயலை விட்டு அடுக்குமாடியில் போய் உட்கார எனக்கு மனசில்லை. தெரியாமல் இருக்கும்வரை இங்கேயே இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த குவியல் பக்கத்து ஊர் அம்மா ஒருவருடையது. அவரும் தனியாகத்தான் காவல் இருந்தார். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, அடிக்கடி நெஞ்சத் தடவிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வாயு."

"சோடாக்காரனுக்குத்தான் இந்த வருசம் நல்ல வெளச்சல்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நெல்லக் கடிச்சுப் பாத்துட்டு நல்லா காஞ்சிருச்சுன்னு முந்தாநாளு சொன்னீங்க. மிஷின்ல வச்சா ஈரம்னுட்டாங்க. உங்க நெல்லே உங்க பல்லுக்குத் தெரியல. நெஞ்சு மட்டும் கைக்குத் தெரிஞ்சிருமா?"

நெஞ்சிலிருந்து கையை எடுத்தேன்.

"போய்ப் பாத்துட்டு வாங்கண்ணே. மழ வந்தா நான் மூடிக்கிறேன்."

பஸ் ஏறித் திருக்காட்டுப்பள்ளி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மற்றவர்கள் துணைக்கு ஆளோடு வந்திருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் என் துண்டு இருந்தது.

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். "இதுல இப்போ பயப்படற மாதிரி ஒண்ணும் தெரியலங்க. ரத்தமும் டெஸ்ட் பண்ணிடுவோம். இப்படியே ஓயாம பயத்துல இருந்தாலும் படபடக்கும். தூங்குறீங்களா?" என்றார்.

"அங்க எங்கங்க தூங்குறது."

"வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லங்க. பிள்ளைங்க போன்ல பேசுவாங்க."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. என் படுதாவில் ஓட்டை இருந்த பக்கமெல்லாம் அந்த அம்மா தன் படுதாவை இழுத்துக் கட்டியிருந்தார். அவருடைய குவியலின் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்தது.

"நெல்லுப் போட உங்களக் கூப்டாங்கண்ணே. ஆளு இல்லன்னு அடுத்தவருக்குப் போயிட்டாங்க. இனி நாளைக்குத்தான்."

"போகட்டும்மா."

"டாக்டரு என்ன சொன்னாங்க?"

அவரிடம் சொல்லத் தொடங்கியபோதுதான், இது நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது என்று உறைத்தது. உடனே மகளைக் கூப்பிட்டேன். போனைத் திருப்பாமல் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

மகளே, நீ போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தாய். பிறகு, "என்னப்பா இப்படி எளச்சுப் போயிருக்கீங்க" என்றாய். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்த மாதிரியே, "கெளம்பி இங்க வந்துருங்கப்பா" என்றாய்.

"மொதல்ல நெல்லப் போட்டுட்டு வரேன். அப்புறம் பேசுவோம்" என்றேன்.

அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது படபடப்பு வந்தால் சோடாக் கடைக்குப் போவதில்லை. உங்களில் ஒருவரைக் கூப்பிடுகிறேன்.