வான் மாமா ஏற்றிவந்த மாப்பிள்ளை

பதினொரு வயதில் காதலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மெல்பேர்னின் நோபல் பார்க்கில் எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அதில் காதல் கதைகளை ஒன்று விடாமல் கரைத்துக் குடித்திருந்தேன். அவற்றில் யாரும் யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மழையில் பையன் தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்தபடி போவான். அவளுக்குக் கண் முட்டும், ஒரு சொட்டுக் கீழே விழாது. அடுத்த நாள் வகுப்பில் ஒன்றும் நடக்காததுபோல இருப்பார்கள். அப்படி அடக்கிக்கொள்ள எவ்வளவு பலம் வேண்டும் என்று நினைத்து நான்தான் போர்வைக்குள் விம்முவேன்.

இந்த ஞானத்தோடு வீட்டைப் பார்த்தால் அங்கேயும் அதே கதை ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் தங்கையான என் சித்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பக்கத்து டண்டினோங்கில் ஒரு பேக்கரியில் வேலை. அங்கேயே வேலை செய்த ஒருவர் காலையில் தன் நீல நிற வான் வண்டியில் வந்து சித்தியையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போவார். வான் வைத்திருந்ததால் எனக்கு அவர் வான் மாமா. குளிர்காலத்தில் சித்தி இருக்கும் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் அவர் பனி போகத் துடைத்து வைத்திருப்பார். வான் சத்தம் கேட்டால் சித்தியின் கை தலைமயிரைச் சரிசெய்யும். பேச்சோ "வந்திட்டன்", "ஓம்" என்பதைத் தாண்டாது.

ஜப்பான்காரர் வாயை மூடினால் எனக்குப் புல்லரிக்கும். எங்கள் வீட்டில் மூடினால் பற்றிக்கொண்டு வரும். சித்தி ஒரு வாயில்லாப் பூச்சி என்பது என் கணிப்பு. கொஞ்சம் உசுப்பிவிடலாம் என்று ஒரு மங்காவைக் கொடுத்தேன். அதை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்று சொல்ல மறந்துபோனேன். சித்தி தமிழ்ப் புத்தகம் போலவே திறந்து, கடைசிப் பக்கத்தில் தொடங்கி, படம் படமாகப் பார்த்து முதல் பக்கத்தில் முடித்திருந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற இருவர் வரவர விலகி, கடைசியில் முன்பின் தெரியாதவர்களாக ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். நல்ல அடக்கமான பிள்ளைகள் என்று சித்தி மெச்சிக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிட்னியிலிருந்து ஒரு கணக்காளர் மாப்பிள்ளை பொருந்திவந்தார். குடும்பமாக விமானத்தில் வந்து, பெண்ணைப் பார்த்துவிட்டு அன்று பின்னேரமே திரும்புவது திட்டம். அத்தனை பேரும் எங்கள் காருக்குள் அடங்கமாட்டார்கள் என்று அப்பா உதவி கேட்ட ஆள் யார் தெரியுமா? வான் மாமாதான். மெல்பேர்னில் வேறு வானே இல்லையா என்று அப்பாவை உலுக்கலாம்போல் இருந்தது. வான் மாமா "ஓம் அண்ணை" என்றார், அவ்வளவுதான். பாவி மனுசன்.

சித்தி சரியென்றால் சிட்னிக்குப் போய்விடுவார். பிறகு அந்த வானுக்கு எங்கள் ரோட்டில் வேலையில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று சித்தியைப் பிடித்துக் கேட்டேன். அவர்களைக் கூப்பிட்டு வைத்திருக்கிற அத்தானின், அதாவது என் அப்பாவின், முகத்தை முறிக்கமுடியாது, வருகிறவர்கள் வந்து போகட்டும் என்றார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து இறங்கினார்கள். வான் மாமா அவர்களுடைய பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். கதிரை போதாது என்று அம்மா சொல்ல, குசினியிலிருந்து கதிரையும் கொண்டுவந்து போட்டுவிட்டு வெளியே போய் வானருகே நின்றார். மேசையில் அம்மா பொரித்த ரோல்ஸ் பலகாரம் இருந்தது. சித்தி பட்டுச்சேலையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேக்கரி வேலை சிட்னியில் சரிவராது, விடவேண்டும் என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "வயசும் கொஞ்சம் கூடத்தான். பரவாயில்லை, நாங்கள் சமாளிப்பம்" என்றார்.

சித்தி தட்டை மேசையில் வைத்தார். ஒரு கோப்பைகூடக் கிணுங்கவில்லை. நேராக நிமிர்ந்து, பேக்கரியில் பாண் விலை சொல்வதைப்போல அமைதியாகச் சொன்னார்.

"நீங்கள் ஒண்டையும் சமாளிக்க வேண்டாம் அன்ரி. எனக்கு விருப்பமில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அடி சக்கை! குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை, மரியாதையும் குறையவில்லை. அப்பா முகட்டைப் பார்த்தார். முதலில் கோப்பையை எடுத்தது மாப்பிள்ளைதான். சீனியும் அளவாக இருக்கிறது என்றார், நல்ல பிள்ளை. நான் கதிரையில் ஏறி நின்று கைதட்டாத குறை.

அவர்கள் எழும்பிவிட்டார்கள். ஆனால் ஏர்போர்ட்டுக்குப் போக வேறு வழியில்லை, அதே வானில்தான் ஏறவேண்டும். பழத்தட்டும் திரும்பி ஏறியது. வான் மாமா முகத்தில் ஒன்றும் காட்டாமல் அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். அப்போது சித்தி, அவர்கள் தொடாமல் விட்ட ரோல்ஸ் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு, சேலை சரசரக்க வாசலால் இறங்கி நடந்தார். பின்சீட்டில் இத்தனை சோடிக் கண்கள் பார்த்திருக்க, தட்டைச் சாரதியின் ஜன்னலுக்குள் நீட்டினார்.

"ஆக்களை விட்டுட்டு நேர இஞ்ச வாங்கோ. அத்தானோட கதையுங்கோ."

வான் மாமா தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "ஓம்" என்றார். வான் போய்விட்டது.

எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லிமாளாது. ஊரே பார்க்க ஜன்னலடி வரைக்கும் போய்விட்டு, சொல்லவேண்டிய அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் வருகிறாரே! அப்பாவோடு கதைக்க என்ன இருக்கிறது? அவர்தான் கிழமைக்குக் கிழமை அப்பாவோடு கிரிக்கெட் கதைக்கிறாரே. இந்தச் சோடி உருப்படாது என்று முடிவுகட்டி உள்ளே வந்தேன். அம்மா புதிதாக உலை வைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் வாசலைத் தாண்டியதும் கழற்றி எறிந்த புதுச் சட்டையை அப்பா திரும்ப எடுத்துப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார். வான் ஓட்டிவருகிறவருக்கு ஏன் புதுச் சட்டை என்று கேட்டேன். மாப்பிள்ளை இருந்த கதிரையைத் துடைத்துவைக்கச் சொன்னார் அப்பா.