முட்டு எடுத்த நாள்

காலை 6.40. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும்போது கைபேசியில் மகளின் செய்தி கிடந்தது. "இன்றைக்குப் புதுக் கூரையைத் தாங்கும் முட்டுக் கம்புகளை எடுக்கிறோம். பதறாமல் வாங்கப்பா." அவள் கட்டடக் கலைஞர்; இரண்டு மாதத்துக்கு முன்பு, அவள் பழுதுபார்க்கும் அதே பழைய வீட்டில் கூரை பெயர்ந்து விழுந்து அவள் தலையில் ஏழு தையல். நான் மதுரையிலிருந்து கிளம்பியதே அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்பத்தான்.

டவுன் பஸ்ஸில் தாமிரபரணியைத் தாண்டினேன். படித்துறையில் ஆட்கள் நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க எரிச்சலாக இருந்தது. புதிய பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, நகர ஆரம்பித்த திசையன்விளை பஸ்ஸில் ஓடி ஏறினேன். நாங்குநேரிக்கு அப்பால் வாழைகள் குறைந்து, செம்மண்ணும் பனையும் தொடங்கின.

9.30. திசையன்விளையிலிருந்து உவரிச் சாலையில் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"தோணிக்காரர் பங்களாவா? அங்கனதான ஒரு பிள்ளைக்கு மண்ட ஒடஞ்சுது?" என்றார் ஓட்டுநர்.

"அது என் மகள்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு, "கவலப்படாதிய அண்ணாச்சி. நேத்துகூட மட்டப்பால நின்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கு" என்றார். மட்டப்பா என்றால் இங்கே மொட்டைமாடி. அதற்குள் மேலே ஏறிவிட்டாளா! ஆட்டோவை வேகமாகப் போகச் சொன்னேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புக்குத் தோணியில் கருப்பட்டி அனுப்பிய வியாபாரி கட்டிய வீடு. முன்பக்கம் உருண்டைத் தூண்கள், அரைவட்ட வளைவுகள், நிறக் கண்ணாடிகள். உள்ளே நுழைந்தால் முற்றமும் கருப்பட்டி அறையும். உப்புக் காற்றுக்குப் பயந்து கடல் பக்கச் சுவரில் ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. மாடியில் துரைமாருக்கென்று தனி அறை, அதற்கு வெளியே தனிப் படிக்கட்டு. வீட்டுக்குள்ளிருந்து அந்த அறைக்கு வாசலே கிடையாது. ஒரு துரையும் வந்து தங்கவில்லையாம்.

விழுந்தது அந்த அறையின் கூரைதான். சுண்ணாம்புத் தளம் ஒழுகியதும் பேரன்மார் அதன்மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல், சுவருக்குள் இருந்த தேக்கு விட்டங்களின் முனைகள் உளுத்துப்போயின. இப்போது விட்டங்களை மாற்றி, கருப்பட்டித் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்பில் புதுத் தளம் போட்டிருந்தார்கள். சுவரோரம் எறும்புகள் சாரை பிடித்திருந்தன.

மகள் நிலா, அறை நடுவே மூன்று முட்டுகளுக்கு இடையில் நின்றிருந்தாள். தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் வளரவில்லை.

"பையை எடு, போகலாம்."

"மூணு முட்டுதாம்பா. எடுத்ததும் பேசலாம்."

"எடுக்கும்போது நீ எதுக்கு அடியில்?"

கொத்தனார் செல்லத்துரை சுத்தியலோடு திரும்பினார். "தளம் போட்டவன் அடியில நிக்கணும் சார். நாங்களே நிக்கலன்னா வீட்டுக்காரன் எப்படிப் படுப்பான்? நான் ஒருத்தன் நிக்கேன், நீ போ தாயின்னு சொன்னேன். படம் வரஞ்சது நாந்தானன்னு வம்பு பண்ணுது. உங்க சொல்லயாவது கேக்குதான்னு பாப்போம்."

"வீட்டிலும் கேட்டதில்லை" என்றேன்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. விட்டுவிட்டு வெளியே போகவும் எனக்குக் கால் வரவில்லை. செல்லத்துரை முதல் முட்டின் ஆப்பைத் தட்டினார். என் மூக்குக் கண்ணாடியில் சுண்ணாம்புத் தூசி விழுந்தது. இரண்டாவது முட்டு. மூன்றாவதைப் பையச் சாய்த்துச் சுவரோரம் வைத்தார். மூங்கிலால் கூரையை மூலைக்கு மூலை தட்டிக் காதுகொடுத்தார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெட்டியான சத்தம்.

"இனி கைய விடுங்க சார். பிள்ளைக்கு நோவும்லா" என்றார்.

அவள் மணிக்கட்டில் என் விரல்கள் நான்கும் பதிந்திருந்தன.

மதியம் 2.15 பஸ்ஸில் தனியாகத்தான் திரும்பினேன். அவளுக்கு அங்கே இன்னும் நான்கு அறைகளில் வேலை பாக்கியாம்.

மதுரையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் விளக்குமாற்றுக் கட்டையால் ஒவ்வொரு அறைக் கூரையையும் தட்டினேன். சமையலறையில் ஓரிடத்தில் பொள்ளென்று கேட்டது. மறுபடி தட்டினேன். அதேதான். மகளைக் கூப்பிட்டேன்.

"இப்ப எங்கே நிக்கறீங்க?" என்றாள்.

"அதுக்கு அடியில்தான்."

"முதல்ல வெளியே வாங்கப்பா. சனிக்கிழமை நானே வந்து பார்க்கறேன்."

இரண்டு மாதமாகக் கூப்பிட்டும் வராதவள். கைபேசியைக் காதில் வைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.