லேமினேஷன் செய்த இருமல்

யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

இன்று வேடசந்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த என் மச்சான் சூசை ஒரு இருமல் இருமினார். ஏழு ஜன்னல் கண்ணாடிகள் உதிர்ந்தன. பக்கத்து ஊரான எரியோட்டில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

"டாக்டரப் பாருங்க மச்சான்" என்றேன்.

பீடிக்கட்டோடு ஒரு அட்டையை எடுத்தார். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்தது. பீடி குடிப்பவருக்கு இருமல் நல்லதாம். நுரையீரல் தன்னையே கழுவிக்கொள்கிறதாம்.

"இன்டர்நெட்லயே போட்டிருக்கான் மாப்ள. அம்புட்டுப் பேரும் படிக்கிற எடத்துல பொய் சொல்வானா?"

அட்டையின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், எழுதியவர் பெயர் இருந்தது. மூலிகை பீடி விற்கும் கடை.

"யாரு எழுதுனதுன்னு பாத்தீகளா?"

"பீடி விக்கிறவனுக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போகுது?" என்றவர், மறுபடி இருமிவிட்டுக் கைக்குட்டையை அவசரமாக மடித்தார்.

நாளை அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போக இதைவிடப் பெரிய புளுகு ஒன்று வேண்டும். கீழே கமென்ட்டில் எழுதுங்கள், லேமினேஷன் என் செலவு.

மற்றபடி, கண்ணாடி உதிரவில்லை, மாடும் ஓடவில்லை. அந்தக் கைக்குட்டையில் நான் பார்த்த ரத்தம் மட்டும் நிஜம்.