சித்தி எழுதிய ஜெர்மன் பரீட்சை

எங்கள் அப்பாவுக்கு உலக மொழிகளின் எதிர்காலம் முழுவதும் மனப்பாடம். இத்தனைக்கும் அவருக்கு ஒழுங்காக வந்தது தமிழ் ஒன்றுதான். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குச் சிங்களமும், வங்கியில் பல்லைக் காட்டும் அளவுக்கு ஆங்கிலமும் வைத்திருந்தார். இன்னும் ஐம்பது வருடத்தில் உலகத்தில் நாலைந்து மொழிதான் மிஞ்சும் என்பார். தமிழ் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெஹிவளைப் பாலம் வரைக்கும்தான், அதற்கு அப்பால் நாங்கள் எல்லோரும் ஊமைகள் என்பார்.

எது பெரிய மொழி என்று அவர் தீர்மானித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த நாட்டில் எங்கள் சொந்தக்காரர் விசாவோடு இருக்கிறாரோ, அந்த நாட்டு மொழி பெரிய மொழி. லண்டனில் மாமா இருந்ததால் அண்ணாவுக்கு ஆங்கிலம். பாரிஸில் பெரியப்பா இருந்ததால் தம்பிக்கு பிரெஞ்சு. நான் பெண்பிள்ளைதானே, மாப்பிள்ளை எந்த நாட்டில் அமைகிறானோ அந்த மொழியை அப்போது படிக்கலாம் என்று என்னை விட்டுவிட்டார்.

அம்மாவின் தங்கையான சித்திக்கு ஜெர்மன் வாய்த்தது அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் தங்கியிருந்தார். ஜெர்மனியில் இருந்த மாப்பிள்ளையைப் பேசியது அப்பா. சித்தியைவிட நல்ல மூப்பு. சித்தி அவரைப் போனில் மட்டும்தான் பார்த்திருந்தார். அடிப்படை ஜெர்மன் பரீட்சையில் பாஸ் பண்ணினால்தான் விசா, விசா கிடைத்தால்தான் கலியாணம் என்று ஏற்பாடு.

வகுப்பு முடிந்து வந்ததும் சித்திக்கு நான்தான் பரீட்சகர். புத்தகத்தைப் பார்த்து நான் கேள்வி கேட்பேன், அவர் வெங்காயம் உரித்தபடி பதில் சொல்வார். எங்கள் பெரிய தெருவான காலி வீதியில் மரக்கறி வாங்கும்போது கத்தரிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் ஜெர்மன் பெயர் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே அரைவாசி பாடமாகிவிட்டது. சித்தி தடுமாறி நான் கண்டதேயில்லை.

ஆனால் பரீட்சையில் பெயில். மறுபடியும் பெயில். மூன்றாம் முறையும் பெயிலானபோது மாப்பிள்ளை வீட்டார் போன் எடுத்துக் குதித்தார்கள். அப்பா மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். உலகத்துப் பெரிய மொழியைக் காலடியில் கொண்டுவந்து வைத்தும் ஏறாத மண்டை என்று ஏசினார். அம்மாவும் சேர்ந்துகொண்டார். ஜெர்மனில் ஒரு சொல் தெரியாத இரண்டு பேர் சித்தியை மக்கு என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"சித்திக்கு எல்லாம் தெரியும்," என்று கத்தினேன். "என்னோட ஒரு பிழையும் விடாமல் கதைக்கிறவ."

சித்தி என் வாயைப் பொத்தினார். பெரியவர்களின் கதைக்குள் நான் வந்ததுதான் குற்றம் என்று நினைத்தேன்.

அப்பா சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தம் போடாமல் சொன்னார்.

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் பெயில் விடுறாய். அடுத்த முறையும் பாஸ் பண்ணாட்டி, ஊரில கொம்மாவுக்கு என்ன சொல்லுறதெண்டு நீயே யோசி."

அடுத்த முறை சித்தி பாஸ், அதுவும் நல்ல புள்ளியோடு. அப்பா கேக் வெட்டினார். சித்தியின் பிள்ளைகளுக்கு இன்றைக்குத் தமிழ் தெரியாது. அதையும் ஒரு வெற்றியாகத்தான் அப்பா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். இத்தனை மொழி புழங்கிய வீட்டில் மாட்டேன் என்று சொல்ல சித்திக்கு ஒரு மொழியும் இருக்கவில்லை. தமிழில் சொல்லியிருந்தால் திமிர் என்றிருப்பார்கள். பெயிலாவது ஒன்றுதான் மிச்சம், அதையும் பிடுங்கினார்கள்.

அந்தச் சண்டை நடந்த அன்று பின்னேரம், வழக்கம்போல நான் புத்தகத்தோடு சித்தியிடம் போனேன். ஏன் ஜெர்மனிக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். கணவரோடு வாழப் போகிறேன் என்பது புத்தகத்தில் இருந்த பதில். சித்தி யன்னலைப் பார்த்தபடி ஜெர்மனில் வேறு பதில் சொன்னார்: எனக்குப் போக விருப்பமில்லை, அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

விருப்பமில்லை, பிடிக்கவில்லை எல்லாம் சாப்பாட்டைப் பற்றிய பாடத்தில் நாங்கள் படித்த சொற்கள். அவற்றை வைத்துச் சித்தி சொந்தமாக வசனம் அமைத்துவிட்டார். ஒரு பிழைகூட இருக்கவில்லை. நான் கைதட்டினேன்.